கடற்காற்று முதல் புயல் வரை: காற்றுகள் எப்படிப் பிறக்கின்றன?

கேள்வி இதுதான்: கடற்காற்று, மலைக்காற்று, பருவக்காற்று, புயல் என்று இத்தனை வகைக் காற்றுகள் எப்படி உருவாகின்றன? "சூடான காற்று மேலே போகிறது, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று வருகிறது" என்ற பள்ளிப்பாட விளக்கம் எல்லாவற்றுக்கும் போதுமா?

போதாது. அந்த வரி பொய்யில்லை, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. காற்றைத் தள்ளுவது அழுத்த வேறுபாடு. வெப்பம் அந்த வேறுபாட்டை உண்டாக்கிக் கொடுக்கிறது, அவ்வளவே. பிறக்கும் காற்று எந்த வகை என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அந்த அழுத்த வேறுபாடு எத்தனை கிலோமீட்டர் பரந்திருக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது. சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் காற்றைப் பூமியின் சுழற்சி அதிகம் தொடுவதில்லை. நாட்கணக்கில் வீசும் காற்றை அது வேறு திசைக்கே திருப்பிவிடும். இந்த ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் காற்று வகைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வீசும் காற்றுகளையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லா வகையும் இங்கேயே இருக்கின்றன.

காற்றைத் தள்ளுவதும் திருப்புவதும்

கடல்மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் 1013 மில்லிபார் (இப்போது ஹெக்டோபாஸ்கல் என்று எழுதுகிறார்கள், இரண்டும் ஒரே அளவு). 100 கி.மீ. தள்ளியுள்ள இரண்டு ஊர்களுக்கிடையே 1 மில்லிபார் வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சிறியதாகத் தெரியும். ஆனால் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோதான். அதனால் இந்தச் சிறு வித்தியாசம் காற்றின் வேகத்தை ஒரு மணி நேரத்தில் வினாடிக்கு 3 மீட்டர் அளவுக்குக் கூட்டிவிடும். தடையே இல்லாமல் ஒரு நாள் முழுவதும் தள்ளினால் வேகம் மணிக்கு 250 கி.மீ.யைத் தாண்டிவிடும். அப்படி நடக்காததற்குக் காரணம் இரண்டு: தரையின் உராய்வு, பூமியின் சுழற்சி.

சுழற்சியால் வரும் விலகலைக் கொரியோலிஸ் விசை என்கிறோம். சுழலும் அமைப்புகளில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் கொரியோலிஸ் 1835இல் எழுதினார். வட அரைக்கோளத்தில் ஓடும் எதையும் இது வலப்பக்கமாகவும், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாகவும் திருப்பும். நிற்கும் காற்றை ஒன்றும் செய்யாது. வேகம் கூடக்கூட இதுவும் கூடும். பலரும் கவனிக்காமல் விடுவது, இது எவ்வளவு மெதுவானது என்பதை. தள்ளுவாரின்றித் தானாக ஓடும் காற்று ஒரு முழு வட்டம் திரும்பிவர, லண்டன் அட்சரேகையில் சுமார் 15 மணி நேரம் ஆகும். டெல்லியில் 25 மணி நேரம். சென்னையில் 53 மணி நேரம். நிலநடுக்கோட்டில் திருப்பமே கிடையாது.

இதனால்தான் ஐரோப்பிய வானிலைப் பாடங்களை அப்படியே இங்கே பொருத்தினால் தவறிவிடுகிறது. அங்கே காற்று அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நேராகப் பாய்வதில்லை. சம அழுத்தக் கோடுகளை (ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) ஒட்டியே ஓடுகிறது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும் என்று டச்சு வானிலை அறிஞர் பைஸ் பாலட் 1857இல் சொன்ன விதி அங்கே அநேகமாகத் தவறாது. தரைக்கு அருகே உராய்வு வேகத்தைக் குறைப்பதால் விலக்கும் விசையும் குறைந்து, காற்று தாழ்வழுத்தத்தின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது: கடல்மேல் 10 முதல் 20 பாகை, கரடுமுரடான நிலத்தில் 30 பாகையும் அதற்கு மேலும்.

தமிழகத்தின் அட்சரேகையில் சுழற்சியின் பிடி தளர்ந்தது. பெரிய அழுத்த வேறுபாடு உண்டானாலும் அதைத் தாங்கி நிறுத்த ஆள் இல்லை. காற்று விரைவில் பாய்ந்து அதைச் சமன் செய்துவிடுகிறது. தென்னிந்திய வானிலை வரைபடத்தில் புயல் இல்லாத நாளில் சம அழுத்தக் கோடுகள் மிகக் குறைவாகத் தெரிவது இதனால்தான்.

கடற்காற்று: சரியான வரிசையில்

காலை 9 மணி. வெயில் நிலத்தையும் கடலையும் ஒரே அளவில்தான் அடிக்கிறது. நிலத்தில் அந்த வெப்பம் மேல்பரப்பின் சில சென்டிமீட்டரிலேயே தங்கிவிடுகிறது. கடலில் ஒளி பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலை நீரைக் கலக்குகிறது, தண்ணீரைச் சூடாக்க வெப்பமும் அதிகம் வேண்டும், ஆவியாதலில் ஒரு பங்கு போய்விடுகிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று சூடாகிறது. கடல்மேல் உள்ளது பெரிதாக மாறுவதில்லை.

அடுத்து நடப்பதைத்தான் பள்ளி விளக்கம் தாண்டிவிடுகிறது. சூடான காற்றுத்தூண் விரிந்து உயர்கிறது. 1 கி.மீ. உயரத் தூண் சராசரியாக 3 டிகிரி சூடானால் சுமார் 1 சதவீதம், அதாவது 10 மீட்டர் உயரும். 10 மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 மில்லிபாருக்குச் சமம். ஆக, ஒரு கிலோமீட்டர் உயரத்தில் நிலத்தின்மேல் அழுத்தம் கடலின்மேல் இருப்பதைவிட அந்த அளவு கூடிவிடுகிறது. முதல் அசைவு அங்கேதான்: மேலே, நிலத்திலிருந்து கடலை நோக்கி. அப்படிக் காற்று வெளியேறும்போது நிலத்தின்மேல் உள்ள மொத்தக் காற்றின் எடை குறைகிறது, தரையில் அழுத்தம் இறங்குகிறது. கடலின்மேல் எடை கூடி அழுத்தம் ஏறுகிறது. அதன் பிறகே தரையை ஒட்டிக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. "வெற்றிடத்தை நிரப்ப" எதுவும் வருவதில்லை. வெற்றிடம் எந்தக் கட்டத்திலும் உண்டாவதே இல்லை.

இப்படி வரும் கடற்காற்றின் தடிமன் சில நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை. நிலத்துக்குள் பல பத்து கிலோமீட்டர் போகும். சென்னையில் நண்பகலை ஒட்டி நுழையும்போது கிழக்கிலிருந்து வரும். மாலைக்குள் தென்கிழக்காகத் திரும்பியிருக்கும். முன்னே சொன்ன 53 மணி நேரக் கணக்கை வைத்துப் பாருங்கள்: மணிக்கு சுமார் 7 பாகை, ஐந்து மணி நேரத்தில் 35 பாகை. அந்த விலகல் இதுதான்.

கடற்காற்று எந்த நாளில் வரும், எந்த நாளில் வராது என்பது நிலம் எவ்வளவு சூடானது என்பதைவிட, எதிரே என்ன காற்று வீசுகிறது என்பதையே அதிகம் சார்ந்தது. மே கடைசியிலும் ஜூனிலும் சென்னைமேல் மேற்குக் காற்று வலுவாக இருக்கும். அது கடற்காற்றைக் கடலிலேயே தடுத்து நிறுத்துகிறது. நுழைவு நண்பகலிலிருந்து பிற்பகல் 2, 3 மணிக்குத் தள்ளிப்போனால் வெப்பம் 40 டிகிரியை எளிதாகத் தாண்டிவிடும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி போன்ற உச்சங்கள் இப்படிப்பட்ட சூழலில்தான் வருகின்றன. இதில் இன்னொரு விளைவும் உண்டு. உள்ளே வரும் கடற்காற்றும் எதிரே வரும் மேற்குக் காற்றும் மோதும் கோட்டில் காற்று மேலே தள்ளப்படுகிறது. நகரத்துக்கு மேற்கே பிற்பகலில் இடிமேகம் எழும்பி, மேலடுக்கு மேற்குக் காற்றில் மிதந்து இரவில் சென்னைமேல் மழையாகக் கொட்டுவது அநேகமாக இந்தக் கோட்டில் பிறந்ததுதான்.

இரவில் நிலம் குளிர்ந்து இதே ஓட்டம் திரும்பி நிலக்காற்றாகிறது. இது மெலிந்தது, தடிமன் 100 முதல் 300 மீட்டர்தான், வேகமும் குறைவு. காரணம், குளிர்ந்த காற்று தரையை ஒட்டிக் கிடந்துவிடும். பகல் வெப்பத்தைப் போல உயரத்துக்குப் பரவாது. கட்டுமரத்தில் பாய் விரித்த காலத்தில் விடியலுக்கு முன் நிலக்காற்றில் கடலுக்குப் போய் பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பியது இந்த இரண்டையும் நம்பித்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோரத்தில் பின்னிரவிலும் அதிகாலையிலும் மழை கொட்டுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. மெல்லிய நிலக்காற்று கரையை ஒட்டி, கடலிலிருந்து வரும் ஈரமான கிழக்குக் காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. அங்கே மேகம் திரள்கிறது.

மலையும் கணவாயும்

மலைச்சரிவில் பகலில் மேலேறும் காற்றும் இரவில் கீழிறங்கும் காற்றும் இதே தத்துவம்தான். வெயில் பட்ட சரிவை ஒட்டிய காற்று, அதே உயரத்தில் பள்ளத்தாக்கின் நடுவே மிதக்கும் காற்றைவிடச் சூடாகிறது. சரிவு வழியாக ஏறுகிறது. கொடைக்கானலில் காலையில் தெளிவாக இருந்த வானம் பிற்பகலில் மூடிக்கொள்வது பெரும்பாலும் இதனால். இரவில் தரை வெப்பத்தை வானுக்கு இழக்க, குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி மேட்டுச் சரிவைவிடத் தாழ்ந்த புல்வெளிகளில்தான் வெள்ளையாகப் படிகிறது. உறைபனி விழும் பகுதியில் நாற்றங்கால் போடுகிறவர்கள் பள்ளத்தின் அடியைத் தவிர்த்துச் சரிவின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே அடர்ந்த வேலியோ சுவரோ வைத்தால் குளிர்காற்று அதன் மேல்பக்கம் தேங்கிப் பயிரைக் கருக்கும். தண்ணீர் வடியப் பாதை விடுவதுபோலவே இதற்கும் விட வேண்டும்.

இந்த இறங்கு காற்றின் பூதாகர வடிவம் அண்டார்க்டிகாவில் இருக்கிறது. பனிப்பீடபூமியில் குளிர்ந்த காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சரிந்து கடற்கரையில் பாய்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வுப்பயணி டக்ளஸ் மாசன் குழு 1912, 1913ஆம் ஆண்டுகளில் தங்கியிருந்த கேப் டெனிசனில் ஆண்டுச் சராசரியே மணிக்கு சுமார் 70 கி.மீ.

பாலக்காட்டுக் கணவாய் வேறு கதை. நீலகிரியும் ஆனைமலையும் 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்க, இடையில் 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்குத் திறப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேரளப் பக்கம் குளிர்ந்த, கனத்த கடல்காற்று மலையில் முட்டித் தேங்குகிறது. கிழக்கே கோவை, திருப்பூர்ப் பகுதி காய்ந்து சூடாக இருக்கிறது. "குறுகிய வழியில் நுழைவதால் வேகம் கூடுகிறது" என்பதே வழக்கமான விளக்கம். அது மட்டும் உண்மையானால் கணவாயின் மிகக் குறுகிய இடத்தில்தான் வேகம் அதிகம் இருக்க வேண்டும். வெளியே வந்ததும் குறைய வேண்டும். ஆனால் இத்தகைய காற்று வெளிவாயிலை ஒட்டியும் தாண்டியும்தான் உச்சத்தைத் தொடுகிறது. கணவாயின் இரு முனைகளுக்கிடையே உள்ள அழுத்தச் சரிவு வழிநெடுகத் தள்ளிக்கொண்டே வருவதே முதன்மைக் காரணம். 1 மில்லிபார் இறக்கம், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், நின்ற காற்றை வினாடிக்கு 13 மீட்டருக்கு, அதாவது மணிக்கு 47 கி.மீ.க்குக் கொண்டுபோகும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நெருக்கமாக நிற்பது அதனால்தான். செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே கயத்தாறும், ஆரல்வாய்மொழியை ஒட்டிய முப்பந்தலும் இதே வகை. முப்பந்தலில் கூடுதலாக ஒன்று: மலைத்தொடரின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு வரும் காற்று அந்த முனையில் வேகமெடுக்கிறது.

கணவாய் வழியாக வராமல் மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடாகவும் உலர்ந்தும் வரும். கணக்கு எளிது. மேகம் இல்லாமல் ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். மேகமானபின் நீராவி ஒடுங்கும் வெப்பம் சேர்வதால் கிட்டத்தட்ட 5 டிகிரிதான் குளிரும். கேரளக் கரையில் 28 டிகிரியில் கிளம்பும் காற்று 500 மீட்டரில் மேகமாகி 1,500 மீட்டர் ஏறினால் 18 டிகிரிக்கு வரும். ஈரத்தை மழையாக இறக்கிவிட்டு திருநெல்வேலிப் பக்கம் 50 மீட்டர் உயரத்துக்கு இறங்கும்போது முழு 9.8 வீதத்தில் சூடாகி 32 டிகிரி ஆகிறது. மேகமில்லாத வானத்தின் வெயில் அதன்மேல் தனி. மழை பெய்யாவிட்டாலும் இது நடக்கலாம்: கீழ்க்காற்று மலையில் தடுக்கப்பட்டு நின்றுவிட, மேலடுக்கின் உலர்ந்த காற்று மறுபக்கம் சரிந்து இறங்கும்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இதைக் கச்சான் காற்றாக நன்றாகவே அறிவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மட்டக்களப்புப் பக்கம் இறங்குகிறது. ஜூன், ஜூலையில் அது வங்கக் கடலின் கடற்காற்றையே உள்ளே விடாமல் தள்ளிவிடும். கடற்கரை நகரத்தில் வெப்பம் 38 டிகிரியை நெருங்கும். ஆல்ப்ஸ் மலையில் இதே வகைக் காற்றுக்கு ஃபான் என்று பெயர், வட அமெரிக்காவின் ராக்கி மலைக்குக் கிழக்கே சினூக். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 காலை சினூக் இறங்கியபோது வெப்பம் இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20இலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது.

பருவக்காற்றுகள்

தென்மேற்குப் பருவக்காற்றைப் "பெரிய அளவிலான கடற்காற்று" என்று எழுதுவது பழைய வழக்கம். 1686இல் ஆங்கில வானியல் அறிஞர் எட்மண்ட் ஹாலி வரைந்த காற்று வரைபடத்தோடு வந்த கருத்து அது. அதன் குறை சுலபமாகத் தெரியும்: இந்திய நிலம் உச்சமாகச் சூடாவது மே மாதத்தில், காற்று உச்சமாக வீசுவது ஜூலையில், மழையால் நிலம் குளிர்ந்த பிறகு. சூடான நிலம் தொடக்கத் தள்ளலைத் தருகிறது, ராஜஸ்தான், பாகிஸ்தான் மேல் தாழ்வழுத்தத்தை உண்டாக்குகிறது. ஆனால் நான்கு மாதம் ஓட்டத்தைத் தாங்குவது மழையே வெளியிடும் வெப்பம். ஒரு கிலோ நீராவி ஒடுங்கினால் 25 லட்சம் ஜூல் வெளிவரும். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் 10 கிலோ தண்ணீர், 2.5 கோடி ஜூல். தெளிவான நாள் ஒன்றில் அதே சதுர மீட்டரில் விழும் மொத்த வெயிலுக்கு இது ஏறத்தாழ ஈடு. நல்ல மழைநாளில் இதைப்போல் பல மடங்கு வெப்பம் நடுவளிமண்டலத்தில் நேராக இறங்குகிறது.

காற்றின் பாதையைத் தொடர்ந்து பார்த்தால் சுழற்சியின் வேலையும் விளங்கும். தென் இந்தியப் பெருங்கடலில், மொரிசியஸ், ரீயூனியன் தீவுகளுக்கும் தெற்கே, மஸ்கரீன் உயர் அழுத்தம் இருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்குக் காற்றாகப் புறப்பட்டு நிலநடுக்கோட்டை நோக்கி வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் மேற்கே போகவிடாமல் மதிலாக நிற்கிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் இடப்பக்கத் திருப்பம் வலப்பக்கத் திருப்பமாக மாறுகிறது. அதே காற்று தென்மேற்குக் காற்றாகி அரபிக்கடலைக் கடக்கிறது. இந்த ஓட்டம் சோமாலியாவை ஒட்டி, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில், குறுகலான வேகப்பாதையாக இருப்பதை வானிலை அறிஞர் ஃபைண்ட்லேட்டர் 1960களின் இறுதியில் விரிவாக எழுதினார். ஜூலையில் அங்கே வினாடிக்கு 25 மீட்டர் வேகம் வியப்பில்லை. கேரளத்தில் மழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. தமிழகத்துக்கு வரும்போது மலை ஈரத்தை உறிஞ்சிவிட, நமக்குக் காற்று மட்டும் கிடைக்கிறது: ஆடியில் அம்மி பறக்கும் காற்று.

அக்டோபரில் சூரியன் தெற்கே நகர, ஆசிய நிலம் குளிர்ந்து உயர் அழுத்தம் ஆகிறது. சைபீரியக் குளிர்காற்று அப்படியே இங்கே வந்து சேர்கிறது என்று நினைப்பது தவறு. இமயமலை அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. வங்கக் கடல் வழியாக ஈரம் சுமந்து வடகிழக்கிலிருந்து வருவதே நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்தக் காலத்தில்தான். ஆனால் இந்தக் காற்றுக்கு மட்டும் மழை தரும் வலு இல்லை. கிழக்கிலிருந்து வரும் தாழ்வு நிலைகளும் காற்றலைகளும் அதைத் தூக்கிவிட்டால்தான் மழை. பொங்கலை ஒட்டி அவை ஓய்ந்ததும் அதே வடகிழக்குக் காற்று உலர்ந்த வாடையாக வேதாரண்யத்திலும் யாழ்ப்பாணத்திலும் தொடர்ந்து வீசுவதைப் பார்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்பது உலகளாவிய ஓட்டம். நிலநடுக்கோட்டை ஒட்டி எழும் காற்று இரு பக்கமும் 30ஆம் அட்சரேகை அருகே இறங்குகிறது. சகாரா, அரேபியப் பாலைவனங்கள் அந்த இறங்கு பகுதியில் இருக்கின்றன. அங்கிருந்து தரையை ஒட்டித் திரும்புவது வணிகக் காற்று. அது ஏன் கிழக்கிலிருந்து வருகிறது என்பதை 1735இல் ஜார்ஜ் ஹாட்லி பூமியின் சுழற்சியை வைத்து விளக்கினார். மேலே துருவத்தை நோக்கிப் போகும் காற்று கிழக்குத் திசையில் வேகமெடுத்து, சுமார் 12 கி.மீ. உயரத்தில் தாரைக்காற்றாகிறது (ஜெட் ஸ்ட்ரீம்). நிலநடுக்கோட்டில் நின்ற காற்று, பூமியோடு சுற்றுவதால் கிடைத்த உந்தத்தில் எதையும் இழக்காமல் 30 பாகைக்குப் போனால் மணிக்கு 480 கி.மீ. வேகம் வர வேண்டும். உண்மையில் 150 முதல் 250 வரைதான், மீதியைச் சுழிகள் தின்றுவிடுகின்றன. குளிர்காலத்தில் இது வட இந்தியாவின் மேல் வந்து நிற்கும்.

புயல்

பூமியின் சுழற்சி இங்கே வேறு விதமாக வேலை செய்கிறது. புயல் பிறக்க மூன்று நிபந்தனைகள்: கடல் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல், அதுவும் சுமார் 50 மீட்டர் ஆழம் வரை சூடாக இருக்க வேண்டும்; மேல்காற்றும் கீழ்க்காற்றும் பெரிதாக வேறுபடக் கூடாது; இடம் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 5 பாகையாவது தள்ளி இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் சுழற்சி. அது இல்லாமல் உள்ளே பாயும் காற்று நேராக மையத்துக்குப் போய்த் தாழ்வை நிரப்பிவிடும். இருந்தால் வலப்பக்கம் விலகிச் சுற்றத் தொடங்கும். மையத்தை நெருங்கும்போது ஆரம் சுருங்கி வேகம் ஏறும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கொரியோலிஸ் விசை சின்ன விஷயம். மையவிலக்கு விசைதான் அழுத்தத்தோடு மல்லுக்கட்டுகிறது. மையத்தின் சுற்றுச்சுவரில் மேகம் எழும்பி வெப்பத்தை வெளியிட, அழுத்தம் மேலும் இறங்குகிறது. ஆக இது சூடான கடலில் ஓடும் இயந்திரம். கரையேறினால் நீராவி அறுந்து வலுவிழக்கிறது.

இந்திய வானிலைத் துறை மணிக்கு 62 கி.மீ. காற்றிலிருந்து புயல் என்கிறது. 89இலிருந்து தீவிரப் புயல், 118இலிருந்து மிகத் தீவிரப் புயல், 167இலிருந்து அதிதீவிரப் புயல், 222 முதல் சூப்பர் புயல்.

உங்கள் ஊரில் காற்று திரும்பும் விதத்தை வைத்தே மையம் எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு நீங்கள் வடக்கே இருந்தால் காற்று முதலில் வடகிழக்கு, பிறகு கிழக்கு, பிறகு தென்கிழக்கு. தெற்கே இருந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. திசை மாறாமல் வடக்கிலிருந்தே வலுத்துக்கொண்டு போனால் மையம் உங்கள்மேலேயே வருகிறது. அப்போது நடுவில் திடீரென்று அமைதி கிடைக்கும். வெயிலோ விண்மீனோ கூடத் தெரியலாம். அது முடிவில்லை. புயலின் கண் 20 முதல் 50 கி.மீ. அகலம், மணிக்கு 20 கி.மீ. நகர்ந்தால் ஒன்று முதல் இரண்டரை மணி நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து, தெற்கிலிருந்து, காற்று அதே வலுவோடு வரும். முதல் பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரம் இரண்டாம் பாதியில் மறுபக்கம் விழும். கூரையைச் சரிபார்க்க வெளியே வந்தவர்கள் சிக்குவது இந்த இடைவேளையில்தான். கிழக்குக் கரையில் கடல்நீர் ஏறும் ஆபத்து, மையத்துக்கு வடபுறம், காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும் பக்கத்தில் அதிகம். தென்புறம் அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும்.

இடிமழைக்கு முன் வரும் சூறைக்காற்று

ஏப்ரல், மே மாதங்களில் வாழைத் தோப்புகளைச் சாய்ப்பது இது. மேகத்துக்குள்ளிருந்து விழும் மழை, கீழே உலர்ந்த காற்றில் ஆவியாகிறது. ஒரு கிலோ காற்றில் 1 கிராம் நீர் ஆவியானால் 2.5 டிகிரி குளிரும். விழும் மழையின் எடையும் சேர்ந்து அந்தக் காற்றைத் தரைமேல் தள்ள, அது மோதி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. மணிக்கு 60 முதல் 100 கி.மீ. வேகம் சாதாரணம். அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் சில நிமிடங்கள். பூமியின் சுழற்சிக்கு இங்கே வேலையே இல்லை. அறிகுறி வரிசை தெளிவானது: புழுக்கம், காற்று அடங்கல், அடிவானில் கறுத்த மேகத்தின் தாழ்ந்த விளிம்பு, பிறகு திடீர்க் குளிர்ச்சியோடு புழுதி. அந்தக் குளிர்ச்சி பட்ட நொடியில் முதல் வீச்சு வந்துவிட்டது என்று பொருள். மழை அதற்குச் சில நிமிடம் பின்னால்தான் வரும், சில வேளை வராமலே போகும். குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கழி முட்டுக்கொடுப்பதை மேகம் கறுத்த பிறகு தொடங்கினால் நேரம் இருக்காது.

வெட்டவெளியில் நண்பகலில் சுழன்றெழும் சிறு புழுதிச் சுழலை இதோடு குழப்பக் கூடாது. அது மேகமில்லாத வானில், கொதிக்கும் தரையிலிருந்து எழும் காற்று சுருங்கிச் சுழல்வது. எந்தப் பக்கமும் சுற்றும்.

செயலியில் காற்றைப் பார்க்கும்போது

மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. வரைபட அம்புக்குறி போகும் பக்கத்தைக் காட்டும். இதில் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. உலக அளவிலான கணினி மாதிரிகள் பெரும்பாலும் 9 முதல் 25 கி.மீ. கட்டங்களில் கணக்கிடுகின்றன. பருவக்காற்றையும் புயலின் பாதையையும் அவை நன்றாகப் பிடிக்கும், கடற்காற்றை ஓரளவு. இடிமழைச் சூறையைப் பிடிக்கவே முடியாது. அதற்கு ரேடார் படத்தைப் பாருங்கள்.

அறிவிக்கப்படும் வேகம் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்துக்கானது, சில நிமிடச் சராசரி. இந்திய வானிலைத் துறை 3 நிமிடம் எடுக்கிறது, உலக வானிலை அமைப்பின் நிலையான முறை 10 நிமிடம், அமெரிக்கப் புயல் மையம் 1 நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று எண்கள் வருவது இதனால். யாரும் பொய் சொல்லவில்லை. திடீர் வீச்சு இந்தச் சராசரியைவிட ஒன்றரை மடங்கு வரை போகும், கூரையைப் பெயர்ப்பது அதுதான். காற்று தட்டையான சுவர்மேல் தரும் அழுத்தத்தை, வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கிப் பெறலாம். மணிக்கு 100 கி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 47 கிலோ எடைக்குச் சமம். 150 என்றால் 106 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு, சுமை இரண்டேகால் மடங்கு. தகரக் கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுவிசை இதைவிடவும் கூடுதல் என்பதால், திருகாணிகளை அங்கே மற்ற இடத்தைவிட நெருக்கமாகப் போட வேண்டும்.